‘இன்று செய்தி இல்லை’: 1930 ஏப்ரல் 18

1930 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. லண்டனில் இரவு 8.45 மணி. வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செய்திக்காகக் காத்திருந்தவர்களிடம் பி.பி.சி. அறிவிப்பாளர் சொன்னது இவ்வளவுதான்: இன்று புனித வெள்ளி, செய்தி எதுவும் இல்லை. அப்புறம் பியானோ. பதினைந்து நிமிடச் செய்தி நேரத்தில் மிச்சமிருந்த அத்தனை நிமிடமும் பியானோவே வாசிக்கப்பட்டது. அது முடிந்ததும், குயின்ஸ் ஹாலில் நடந்துகொண்டிருந்த, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘பார்சிஃபால்’ இசை நாடகத்துக்கு ஒலிபரப்பு திரும்பிவிட்டது. அந்த இசை நாடகத்தின் கடைசி அங்கம் நடப்பதும் ஒரு புனித வெள்ளி அன்றுதான்.

இதை முதல்முறை படிக்கிற யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அந்தக் காலத்தில் பி.பி.சி. அறிவிப்பாளர்கள் மாலையில் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும்போது, விருந்துக்குப் போகிறவர்களைப் போல டின்னர் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும். கேட்கிறவர் கண்ணுக்கு அது தெரியப்போவதில்லை, ஆனாலும் அப்படி ஒரு கட்டுப்பாடு. வாசிப்பவரின் பெயரையும் சொல்ல மாட்டார்கள். அப்படிக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘சொல்ல ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டு ஒரு மனிதர் நகர்கிறார். ‘சற்றுமுன்’ என்ற சிவப்புப் பட்டை ஒரு நொடிகூட நிற்காமல் ஓடுகிற திரைகளுக்குப் பழகிப்போன நமக்கு, இது வேறொரு கிரகத்தில் நடந்த மாதிரி இருக்கிறது.

கிரகம் என்றதும் ஞாபகம் வருகிறது. புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டதை அந்த ஆண்டு மார்ச் 13ஆம் தேதிதான் அறிவித்திருந்தார்கள். ஏப்ரல் 18 அன்று அதற்குப் பெயர்கூட அதிகாரபூர்வமாக வைத்தாகவில்லை. மே 1ஆம் தேதிதான் வைத்தார்கள். சூரியக் குடும்பத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை பெயரில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த நாள் அது. வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் அதைப் பற்றியாவது இரண்டு வரி வாசித்திருக்கலாம்.

சரி, அன்றைக்கு உலகத்தில் உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லையா? அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால், ஒரு பத்திரிகையின் முதல் பக்கம் போதாத அளவுக்குச் செய்தி கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி நம் பக்கத்துச் செய்தி. அந்த அறிவிப்பாளர் பொய் சொல்லவில்லை. அவர் மேசையில் தாள் இல்லை, அதனால் இல்லை என்றார். அந்தத் தாள் ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் பி.பி.சி.யின் அன்றைய நிலைமை. இன்று உலகெங்கும் ஆள் வைத்திருக்கும் நிறுவனமாக அதை நினைத்துக்கொண்டு 1930ஐப் பார்க்கக் கூடாது. 1922இல் ஒரு கம்பெனியாகத் தொடங்கி, 1927இல்தான் பொது நிறுவனமாக மாறியிருந்தது. சவாய் ஹில் என்ற இடத்தில் ஒரு கட்டடத்தில் இயங்கியது. வெளியூர்களில் சொந்த நிருபர்கள் கிடையாது. ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி நிறுவனங்கள் அனுப்புவதைத் தொகுத்து வாசிப்பதுதான் வேலை. அதையும் இஷ்டப்பட்ட நேரத்தில் செய்ய முடியாது. வானொலி செய்தி சொன்னால் பத்திரிகையை யார் வாங்குவார்கள் என்று முதலாளிகள் பயந்தார்கள். அதனால் பகலில் செய்தி வாசிக்கவே கூடாது, சாயங்காலத்துக்கு மேல்தான் என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். இப்போது புனித வெள்ளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். வங்கிகளும் சந்தையும் விடுமுறை. லண்டன் பத்திரிகைகளுக்கும் விடுமுறை. செய்தியைக் கொடுக்கிறவர்கள், கேட்டு எழுதுகிறவர்கள், அச்சடிக்கிறவர்கள் மூன்று பேரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

அதே நேரத்தில் சிட்டகாங்கில் என்ன நடந்தது என்று பார்ப்போம். இன்று வங்கதேசத்தில் இருக்கும் துறைமுக நகரம் அது. ‘மாஸ்டர்தா’ என்று எல்லோரும் அழைத்த பள்ளி ஆசிரியர் சூரியா சென், சுமார் 65 பேரைத் திரட்டி வைத்திருந்தார். அதில் பலர் பதின்வயதுப் பையன்கள். ஏப்ரல் 18 இரவு பத்து மணி அளவில் அவர்கள் குழு குழுவாகப் பிரிந்து கிளம்பினார்கள். கணேஷ் கோஷ் தலைமையில் ஒரு குழு போலீஸ் ஆயுதக் கிடங்கைப் பிடித்தது. லோகநாத் பால் தலைமையில் இன்னொன்று துணைப்படையின் ஆயுதக் கிடங்கைப் பிடித்தது. துப்பாக்கிகள் கிடைத்தன, ஆனால் குண்டுகள் இருந்த இடம் கிடைக்கவில்லை. பிறகு போலீஸ் மைதானத்தில் கொடியேற்றி, சூரியா சென் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டு, தற்காலிகப் புரட்சி அரசை அறிவித்தார். விடிவதற்குள் மலைப்பக்கம் போய்விட்டார்கள்.

நேரக் கணக்கைப் பாருங்கள். லண்டனில் இரவு 8.45 என்றால் வங்காளத்தில் நள்ளிரவு தாண்டி வெகுநேரம். அதாவது ‘செய்தி எதுவும் இல்லை’ என்ற வார்த்தை காற்றில் போனபோது, கிடங்கு பிடிபட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ஒரு மாவட்டத் தலைநகரத்தில் சாம்ராஜ்யத்தின் ஆயுதங்கள் பறிபோயிருக்கின்றன; அந்த சாம்ராஜ்யத்தின் தலைநகரத்திலோ பியானோ ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏன் தெரியவில்லை? காரணம் எளிமையானது. அந்த இரவு புரட்சிக்காரர்கள் கைவைத்த இடங்களில் தொலைபேசி நிலையமும் தந்தி நிலையமும் இருந்தன. அம்பிகா சக்கரவர்த்தியின் குழு அதைக் கவனித்துக்கொண்டது. வேறு சிலர் ரயில் பாதையைத் துண்டிக்கப் போனார்கள். சாதாரணமாகச் சிட்டகாங்கில் ஒரு விஷயம் நடந்தால் அது தந்தியில் கல்கத்தாவுக்குப் போக வேண்டும், அங்கிருந்து கடலடிக் கேபிள் வழியாக லண்டனுக்கு, லண்டனில் செய்தி நிறுவனத்துக்கு, அங்கிருந்து வானொலி நிலையத்துக்கு. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே வெட்டிவிட்டார்கள். செய்தியை உண்டாக்கியவர்களே செய்தி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். உதவிக்குப் படை வர எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நேரம் ஊர் அவர்கள் கையில் இருக்கும் என்பது கணக்கு.

தந்தி என்பது வெறும் கம்பி இல்லை, அதுதான் செய்தியின் கால். தமிழில் அந்தச் சொல் செய்திக்கே பெயராகிவிட்டது. 1942இல் தொடங்கிய ‘தினத்தந்தி’யின் பெயரில் அந்தக் கம்பி இன்னமும் இருக்கிறது, இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோன பிறகும்.

சிட்டகாங் கதையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அன்றிரவு ஐரோப்பியர் கிளப்பையும் தாக்குவது திட்டம். ஒரு குழு அங்கே போனது. போனால் கிளப் காலி. என்ன காரணம்? புனித வெள்ளி. கிளப்புக்கு வழக்கமாக வருகிறவர்கள் யாரும் அன்று இல்லை. லண்டனில் செய்தி அறையைக் காலியாக்கிய அதே விடுமுறைதான் சிட்டகாங்கில் கிளப்பையும் காலியாக்கியது. இத்தனைக்கும் அந்த ஈஸ்டர் காலம் அவர்களுக்கு ஒரு அடையாளம். 1916இல் டப்ளினில் ஈஸ்டரை ஒட்டி நடந்த ஐரிஷ் எழுச்சியை மனதில் வைத்துத்தான் இந்த இளைஞர்கள் தங்களை ‘இந்தியக் குடியரசுப் படை’ என்று அழைத்துக்கொண்டார்கள். எழுச்சிக்கு ஈஸ்டரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, அன்று கிளப்பில் ஆள் இருக்காது என்பது மட்டும் தோன்றாமல் போய்விட்டது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று, ஜலாலாபாத் குன்றில் படை அவர்களைச் சூழ்ந்துகொண்டது. புரட்சிக்காரர்களில் 12 பேர் இறந்தார்கள். சூரியா சென் 1934 ஜனவரி 12 அன்று தூக்கிலிடப்பட்டார்.

சிட்டகாங்காவது கம்பி அறுந்ததால் லண்டனுக்குத் தெரியாமல் போனது. அறுபடாத கம்பிகளின் பக்கத்திலேயே அன்று இன்னொரு செய்தி நடந்துகொண்டிருந்தது, பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும். தஞ்சாவூர் ஜில்லாவில் ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் வேதாரண்யத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

காந்தி தண்டியில் உப்பெடுத்தது ஏப்ரல் 6. ராஜாஜியின் குழு திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பியது ஏப்ரல் 13. சுமார் 150 மைல் தூரம், பதினைந்து நாள் நடை. நம் 18ஆம் தேதி என்பது அவர்களுக்கு ஆறாவது நாள். தஞ்சை கலெக்டர் ஜே.ஏ. தார்ன் ஓர் எச்சரிக்கை விட்டிருந்தார்: இந்த ஊர்வலத்தினருக்கு யாராவது சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை. பத்திரிகையில் போட்டார்கள், துண்டுப் பிரசுரம் அடித்தார்கள். ஜனங்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, ஊர்வலம் போகிற சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை, மரத்தில் தொங்கியது. காவிரிக் கரையில் சில இடங்களில் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் புதைத்துவிட்டு, எங்கே தோண்ட வேண்டும் என்று அடையாளம் வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தைத் தயாரிக்கிறவனாக இருந்து, அந்த வாரத்தில் ஒரே ஒரு படத்தைப் போடலாம் என்று சொன்னால், அந்த மரத்தைத்தான் போடுவேன். இலை நடுவே இலைப் பொட்டலம். கீழே நூறு பசித்த ஆட்கள். பக்கத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு போலீஸ்காரர். ஒரு கலெக்டர் உத்தரவு எப்படித் தோற்கிறது என்பதைச் சொல்ல இதற்கு மேல் எதுவும் வேண்டாம். தார்ன் என்ற பெயர் ஆங்கிலத்தில் முள் என்பது போலவே ஒலிக்கும். ராஜாஜி அதைப் பிடித்துக்கொண்டு, முள்ளும் நெருஞ்சியும் இந்தச் சுதந்திர வெள்ளத்தைத் தடுக்க முடியாது என்றார். ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பெடுத்ததும் ராஜாஜி கைதானார்.

இது ஏன் லண்டன் வானொலிக்குச் செய்தியாகவில்லை? இதற்குக் கம்பியைக் குறை சொல்ல முடியாது. உப்பு என்ற விஷயத்தை ஆரம்பத்திலிருந்தே அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழில் ஒன்றுக்கும் உதவாத காரியத்தை ‘உப்புப் பெறாத விஷயம்’ என்போம். வைஸ்ராய் இர்வின் ஏறக்குறைய அந்தக் கண்ணோடுதான் பார்த்தார். இந்த உப்புப் போராட்டம் இப்போதைக்குத் தன் தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்று லண்டனுக்கு எழுதினார். கல்கத்தாவிலிருந்து வந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை, இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது கஷ்டம் என்று எழுதியது. ஏப்ரல் 14 அன்று ஜவஹர்லால் நேரு கைதானார். மே 5ஆம் தேதி காந்தியும் கைதானார். ஏப்ரல் 18 இந்த இரண்டு கைதுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பழைய செய்தியைப் பார்த்து நாம் இன்று சிரிக்கிறோம். அந்தப் பழைய பத்திரிகையோ அன்றைக்கே வேறு யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அதை எழுதும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. ருமேனியாவில் கோஸ்டெஸ்தி என்ற ஊரில் மரத்தால் கட்டிய தேவாலயம். புனித வெள்ளி வழிபாட்டுக்குக் கூட்டம் கூடியிருந்தபோது தீப்பிடித்து 118 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். எந்தப் பண்டிகையைக் காரணம் காட்டி ‘செய்தி இல்லை’ என்றார்களோ, அந்தப் பண்டிகையின் வழிபாட்டில்தான் அவர்கள் இருந்தார்கள்.

ஆக ஒரே நாளில் மூன்று. ஒன்று கம்பி வெட்டப்பட்டதால் வரவில்லை. ஒன்று தூரத்து நாட்டில் நடந்ததால் அன்றிரவு வரவில்லை. ஒன்று வந்தும் யாரும் பொருட்படுத்தாமல் போனது. இந்த மூன்றாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கம்பியை ஒட்டலாம். தூரத்தைக் கேபிளால் கடக்கலாம். மரத்தில் தொங்கும் சோற்றுப் பொட்டலம் செய்தியா இல்லையா என்று தீர்மானிக்கிற மேசைக்கு அந்த மரம் தெரிய வேண்டுமே. தெரியவில்லை என்றால் எவ்வளவு வேகமான கருவி இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பழைய தலைப்புகளில் நம்மைச் சிரிக்க வைப்பவை பெரும்பாலும் பச்சையாகத் தப்பானவை. 1948 நவம்பர் 3 அன்று ‘சிகாகோ ட்ரிபியூன்’, அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்துவிட்டார் என்று கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயித்தது ட்ரூமன். அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் பிடித்து அவர் சிரிக்கும் படம் உலகப் பிரசித்தம். ஆனால் அதற்குப் பின்னால் ஓர் அச்சக வேலைநிறுத்தம் இருந்தது. ஆட்கள் இல்லாததால் வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. ஓட்டு எண்ணி முடிவதற்குள் தலைப்பு எழுதியாக வேண்டும். யூகித்தார்கள், சறுக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1920 ஜனவரி 13 அன்று, ‘நியூயார்க் டைம்ஸ்’ ராக்கெட் ஆராய்ச்சியாளர் ராபர்ட் காடர்டைக் கேலி செய்து எழுதியிருந்தது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு போகும், பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்பது அதன் சாரம். அப்பல்லோ 11 நிலவுக்குக் கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அதே பத்திரிகை திருத்தம் போட்டு வருத்தம் தெரிவித்தது. காடர்ட் 1945லேயே இறந்துவிட்டார்.

இந்தத் தப்புகளுக்கெல்லாம் திருத்தம் போட முடிகிறது. ட்ரூமன் ஜெயித்தார் என்று மறுநாளே போடலாம், ராக்கெட் பறக்கும் என்று 49 ஆண்டு கழித்தும் போடலாம். ‘செய்தி இல்லை’ என்பதற்குத் திருத்தம் எப்படிப் போடுவது? அதில் தவறான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அந்த அறிவிப்பாளருக்கு ஒரு நியாயமும் செய்ய வேண்டும். அன்று அவர்கள் செய்ததில் ஒரு நேர்மை இருந்தது. கையில் உருப்படியாக எதுவும் இல்லையென்றால், எதையாவது ஊதிப் பெரிதாக்கி பதினைந்து நிமிடத்தை நிரப்ப வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு நல்ல இசையைப் போட்டார்கள். வெறும் வாயை மெல்லும் இன்றைய விவாத மேசைகளைப் பார்க்கும்போது அந்த ஒரு குணத்தை நான் உண்மையிலேயே மதிக்கிறேன். சொல்ல ஒன்றும் இல்லாதபோது வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும் வேண்டும், ஊர் உலகமெல்லாம் கேட்கிற காதும் வேண்டும். முதலாவது அவர்களிடம் இருந்தது.

இதே கேள்வியை 80 ஆண்டு கழித்துக் கணினியிடமும் ஒருவர் கேட்டார். 2010இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் டன்ஸ்டால்-பீடோ என்பவர், தன் தேடுபொறியில் சேர்த்து வைத்திருந்த சுமார் 30 கோடி தகவல்களை அலசி, இருபதாம் நூற்றாண்டில் 1900க்குப் பிறகு மிகச் சலிப்பான நாள் எது என்று பார்த்தார். கணினி சொன்ன விடை: 1954 ஏப்ரல் 11. பெல்ஜியத்தில் ஒரு பொதுத்தேர்தல், துருக்கியில் பின்னாளில் பேராசிரியரான ஒருவரின் பிறப்பு, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. உலகப் பத்திரிகைகளும் அதைச் சுவாரஸ்யமாக எழுதின.

இந்த முறை தாளும் இருந்தது, கம்பியும் இருந்தது, விடுமுறையும் குறுக்கே வரவில்லை. ஆனால் கணினிக்குள் எவை போடப்பட்டனவோ அவற்றைத்தானே அது எண்ணும்? பெல்ஜியம் தேர்தல் இருந்தது. சென்னை இருந்திருக்க வாய்ப்பில்லை.

1954 ஏப்ரல் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னை மாநிலத்தில் அது சாதாரண ஞாயிறு இல்லை. அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் குலத்தொழில் என்று வந்த கல்வித் திட்டத்தை எதிர்த்து ஊருக்கு ஊர் கொந்தளிப்பு நடந்து முடிந்து, கொண்டுவந்த முதலமைச்சர் பதவியை விட்டுப் போவதென்று முடிவாகியிருந்தது. அடுத்து யார் என்பதும் தெரிந்துவிட்டது. விட்டுப் போகிறவர், 24 ஆண்டுக்கு முன்னால் மரத்தில் தொங்கிய சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு வேதாரண்யத்துக்கு நடந்த அதே ராஜாஜி. அந்த ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும் அவர்தான் முதலமைச்சர். செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 13 அன்று, காமராஜர் பதவியேற்றார்.